ஒரு மலையூர் அச்சுக்கூடமும் ஒரு கண்டத்தின் பெயரும்

பிரான்சின் கிழக்குப் புறத்தில், ஸ்ராஸ்பூர்க் நகருக்குத் தென்மேற்கே, வோஜ் மலைகளின் நடுவே சென் தியே என்னும் சிறுநகர் அமைந்துள்ளது. பாரிசிலிருந்து யேர்மன் எல்லைக்கும் சுவிஸ் எல்லைக்கும் போய்வரும் எம்மவர் பலர் அதன் பெயர்ப்பலகையைக் கண்டும் காணாமலும் கடந்திருக்கக் கூடும். அந்நகர் தன்னை 'அமெரிக்காவின் ஞானத்தாய்' என்று பெருமையோடு அழைத்துக்கொள்கிறது. ஞானஸ்நானத்தின்போது குழந்தைக்குப் பெயர் சூட்ட முன்னிற்பவள் ஞானத்தாய். கடலைக் கண்ணாற் காணாத ஒரு மலையூர், கடலுக்கப்பால் கிடந்த ஒரு கண்டத்துக்குப் பெயர் சூட்டியது எவ்வாறு?

நாம் விரிவுரையாளராகப் பணியாற்றிய காலத்தில் மாணவர்கள் தவறாது கேட்கும் வினா ஒன்றுண்டு. 1492ஆம் ஆண்டு அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து போனவர் கொலம்பஸ் என்றால், அந்நிலம் கொலம்பியா என்றல்லவா வழங்கவேண்டும்? அது ஏன் அமெரிக்கா ஆயிற்று? நியாயமான கேள்வி. அதற்கான விடையில் கப்பல்களைவிடக் காகிதத்துக்கே பங்கு அதிகம். காகிதத்தில் முதன்முதல் எழுதப்பட்ட பெயருக்கு எத்துணை வலிமை உண்டு என்பதை அந்நிய நாடுகளில் வாழும் நாம் அறியாதவர்கள் அல்லர். ஆகவே இக்கதை எமக்கும் பொருந்துவதாகும்.

மூன்று கண்டங்கள், மூன்று பெண்கள்

பழைய கிரேக்கர் அறிந்த உலகில் மூன்று பெருநிலங்களே இருந்தன. ஐரோப்பா, ஆசியா, லிபியா என்பன அவை. இவற்றுள் லிபியா என அவர்கள் சொன்னதே பின்னர் ஆபிரிக்கா ஆயிற்று. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ், ஒன்றேயான பூமிக்கு மூன்று பெயர்கள் எதற்கு, அவையும் பெண்களின் பெயர்களாக இருப்பது எதனால், அவற்றை இட்டவர் யார் என்று தமக்கு விளங்கவில்லை என எழுதிவைத்தார். ஐரோப்பா என்ற பெண்ணைப் பற்றி அவர் சொல்வது இன்னும் சுவையானது. அவள் ஆசியாவைச் சேர்ந்தவள். இன்றைய லெபனானின் கரையிலிருந்த பினீசிய நாட்டு அரசகுமாரி. கிரீட் தீவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட அவள், கிரேக்கர் ஐரோப்பா என்று சொல்லும் நிலத்தில் ஒருநாளும் கால் வைக்கவில்லை என்கிறார் அவர்.

இன்று தஞ்சம் கோருவோர் பலர் வந்து வாயிலில் நிற்கும் கண்டம், கடல் வழியே கவர்ந்து செல்லப்பட்ட ஓர் ஆசியப் பெண்ணின் பெயரைத் தாங்கி நிற்கிறது. இது புராணக் கதைதான். ஆயினும் அப்புராணத்தைப் போற்றிவந்தவர்கள் ஐரோப்பியரே என்பதை நினைவிற் கொள்ளலாம்.

ஆசியா என்ற பெயரும் எம்முடையதன்று. உரோமர் கி.மு. 133இல் பெர்கமோன் அரசைத் தமதாக்கிக்கொண்டு, இன்றைய துருக்கியின் மேற்கு மூலையில் அமைத்த மாகாணத்துக்கு ஆசியா என்றே பெயர். அந்த மூலையின் பெயர்தான் சீனத்தையும் யப்பானையும் இந்தியாவையும் எமது தீவையும் மூடிப் படர்ந்தது. கி.மு. 146இல் கார்த்தேஜ் நகரை அழித்தபின் இன்றைய துனீசியப் பகுதியில் அதே உரோமர் அமைத்த மாகாணம் ஆபிரிக்கா. அதுவும் அவ்வாறே ஒரு கண்டமாக விரிந்தது. தமிழனோ சீனனோ தன்னை ஆசியன் என்று முற்காலத்தில் சொல்லிக்கொண்டதில்லை. இன்றும் பிரித்தானியாவில் 'ஆசியர்' என்றால் பெரும்பாலும் எம்மைப் போன்றவர்களையும், வட அமெரிக்காவில் அதே சொல் பெரும்பாலும் சீனரையும் கொரியரையும் போன்றவர்களையும் குறிப்பதைப் புலம்பெயர்ந்தோர் கவனித்திருப்பர்.

கொலம்பஸ் கண்டதும் காணாததும்

கொலம்பஸ் தேடிப் போனது ஆசியாவை. மேற்கே சென்றால் கிழக்கை அடையலாம் என்ற அவரது எண்ணம் கொள்கையளவிற் சரியானதே. பூமியின் சுற்றளவைக் குறைத்துக் கணக்கிட்டதும், நடுவில் ஒரு கண்டம் குறுக்கே கிடப்பதை அறியாததுமே குறை. 1492 ஒக்ரோபர் 12 அன்று பகாமாத் தீவுகளில் கரையேறியவர், தாம் இந்தியாவின் புறத்தீவுகளை அடைந்துவிட்டதாக நம்பினார். ஆகவே அங்கிருந்த மக்களை இந்தியர் என்றார்.

அந்த நம்பிக்கையைக் காப்பாற்றுவதற்கு அவர் செய்த ஒரு செயல் வரலாற்றில் விசித்திரமானது. இரண்டாம் பயணத்தில், 1494 யூன் மாதம், கியூபாவின் கரையோரமாகச் சென்றுகொண்டிருந்தபோது, அது தீவன்று, ஆசியப் பெருநிலமே என்று தமது மாலுமிகள் அனைவரையும் எழுத்தர் ஒருவர் முன்னிலையில் சத்தியம் செய்ய வைத்தார். பின்னர் மாற்றிச் சொல்பவருக்குப் பத்தாயிரம் மரவேடித் தண்டமும் நாக்கறுப்பும் தண்டனை என்று பத்திரம் எழுதப்பட்டது. பத்திரம் எழுதியதால் கியூபா கண்டமாகிவிடவில்லை.

1498இல் மூன்றாம் பயணத்தின்போது, இன்றைய வெனிசுவேலாவின் பாரியாக் குடாவில் ஒரினோக்கோ ஆற்றின் நன்னீர் கடலையே இனிக்கச் செய்வதைக் கண்டார். இத்துணை நீரைத் தருவது சிறு தீவாக இருக்கமுடியாது, இது இதுவரை அறியப்படாத ஒரு பெருநிலம் என்று எழுதவும் செய்தார். ஆனால் அந்த எண்ணத்தை அவர் உறுதியாகப் பற்றி நிற்கவில்லை. வேதாகமம் கூறும் சொர்க்கத் தோட்டம் அதன் அருகே இருக்கலாம் என்று ஊகித்தார். ஆசியாவை அடைந்துவிட்டோம் என்ற நினைவோடேயே 1506 மே மாதம் 20ஆம் நாள் வாயாடோலிட் நகரிற் காலமானார். தாம் கண்டதற்குப் புதிய பெயர் ஒன்று வேண்டும் என்ற தேவையே அவருக்கு எழவில்லை.

புளோரென்ஸ் நகரத்து வணிகமுகவர்

அமெரிகோ வெஸ்பூச்சி இத்தாலியின் புளோரென்ஸ் நகரைச் சேர்ந்தவர். அமெரிகோ என்பது பழைய யேர்மானியப் பெயரொன்றின் இத்தாலிய வடிவம். மெடிச்சி குடும்பத்தாரின் வணிக அலுவல்களைக் கவனிக்க ஸ்பெயினின் செவில் நகருக்கு வந்தவர், அங்கே கொலம்பசின் கப்பல்களுக்குப் பொருள் சேர்த்துக் கொடுத்த பெரார்டி என்ற இத்தாலிய வணிகரோடு சேர்ந்து வேலை செய்தார். வயது நாற்பதைத் தாண்டிய பின்னரே கடலோடியானார். 1499இல் ஒஹேடா என்பவரின் தலைமையிற் சென்ற ஸ்பானியக் கப்பல்களிலும், 1501இல் போர்த்துக்கேய அரசனுக்காகச் சென்ற கப்பல்களிலும் அவர் பயணம் செய்தமை உறுதியானது.

இரண்டாவதாகச் சொன்ன பயணத்தில் எமது பக்கத்தோடு தொடர்புடைய ஒரு நிகழ்ச்சியும் உண்டு. 1501 யூன் மாதம், ஆபிரிக்காவின் மேற்குக் கோடியான வேர்டே முனையில், கோழிக்கோட்டிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த கப்ராலின் கப்பல்களை வெஸ்பூச்சி சந்தித்தார். உண்மையான இந்தியாவைக் கண்டுவந்தவர்களிடம் அதன் துறைகளையும் வாசனைத் திரவியங்களையும் பற்றிக் கேட்டறிந்து, புளோரென்சுக்கு நீண்ட கடிதம் எழுதினார். பின்னர் பிரேசிலின் கரையைப் பிடித்து வெகு தூரம் தெற்கே சென்றபோது, கேட்டறிந்த இந்தியாவோடு கண்ணாற் கண்ட நிலம் எவ்வகையிலும் ஒத்துவரவில்லை என்பதை அவர் உணர்ந்திருக்கவேண்டும் என நாம் கருத இடமுண்டு.

அவர் பெயரில் 1503 அளவில் இலத்தீன் மொழியிற் சிறு நூலொன்று அச்சாகியது. 'புதிய உலகம்' என்பது அதன் தலைப்பின் பொருள். தெற்கே கண்டது ஆசியாவின் பகுதியன்று, முன்னோர் அறியாத வேறொரு பெருநிலம் என்று அது துணிந்து சொன்னது. விண்மீன்களையும் விலங்குகளையும் ஆடையற்ற மனிதரையும் பற்றிச் சுவையாகப் பேசிய அந்நூல், சில ஆண்டுகளுக்குள் ஐரோப்பிய நகரங்கள் பலவற்றில் மீண்டும் மீண்டும் அச்சாகியது. அடுத்து வெளிவந்த இன்னொரு கடிதம் வெஸ்பூச்சி நான்கு பயணங்கள் செய்ததாகவும், முதற் பயணம் 1497இல் நிகழ்ந்ததாகவும் கூறியது. அது மெய்யாயின் கொலம்பசுக்கு ஓராண்டு முன்னரே அவர் பெருநிலத்தை அடைந்தவர் ஆவார். அந்த 1497ஆம் ஆண்டுப் பயணத்தை ஆய்வாளர் மிகப் பலர் நம்புவதில்லை. அச்சான கடிதங்களில் வேறு கைகள் புகுந்து புனைந்திருக்கின்றன என்று கருதுவோரும் பலர்.

ஆயினும் கொலம்பஸ் அவரைப் பகைவராக எண்ணவில்லை. 1505 பெப்ரவரியில் தமது மகனுக்கு எழுதிய கடிதத்தில், வெஸ்பூச்சி நல்ல மனிதர், தமக்கு உதவ விரும்புபவர், உழைப்புக்கேற்ற பயனைப் பெறாதவர் என்றே குறிப்பிட்டார். வெஸ்பூச்சியைத் திருடன் என்று ஏசும் வழக்கம் பின்னர் வந்தது. அமெரிக்க எழுத்தாளர் எமர்சன்கூட 1856இல் வெளியிட்ட நூலில் அவ்வாறு ஏசியிருக்கிறார். உண்மை என்னவெனில், பெயர் சூட்டும்படி வெஸ்பூச்சி எவரையும் கேட்டதற்குச் சான்று இல்லை. சூட்டியவர்களை அவர் சந்தித்ததற்கும் சான்று இல்லை.

அச்சுக்கூடத்திற் கூடியவர்கள்

இனி மலையூருக்குத் திரும்புவோம். அக்காலத்தில் சென் தியே, பிரான்சு அரசின் கீழல்ல, லொறெயின் என்னும் தனிச் சிற்றரசின் கீழ் இருந்தது. அதன் பிரபு இரண்டாம் றெனே கல்வியில் ஆர்வமுள்ளவர். அவரது ஆதரவோடு கோட்டியே லூட் என்ற குருவானவர் ஓர் அச்சுக்கூடத்தை நிறுவினார். அதைச் சுற்றி அறிஞர் சிலர் கூடினர். பிரைபூர்க் பகுதியிலிருந்து வந்த தேசப்பட வல்லுநர் மார்ட்டின் வால்ட்சேமுல்லர், இருபத்தைந்து வயதை எட்டிக்கொண்டிருந்த கவிஞரும் மொழிப்புலவருமான மத்தியாஸ் றிங்மன், இலத்தீன் நடையில் வல்ல ஜோன் பசான் ஆகியோர் அவர்களுட் குறிப்பிடத்தக்கவர்கள்.

அவர்கள் செய்ய எண்ணியது பழைய கிரேக்க அறிஞர் தொலமியின் புவியியல் நூலைத் திருத்திப் பதிப்பிக்கும் பணி. வேலை நடந்துகொண்டிருந்தபோது வெஸ்பூச்சியின் நான்கு பயணங்கள் பற்றிய கடிதம் பிரெஞ்சு மொழியில் பிரபுவின் கைக்கு வந்தது. பசான் அதை இலத்தீனில் மொழிபெயர்த்தார். புளோரென்ஸ் நகரத் தலைவருக்கு எழுதப்பட்ட கடிதம், மொழிபெயர்ப்பில் றெனே பிரபுவுக்கே எழுதப்பட்டது போல ஆகிவிட்டது! றிங்மன் ஏற்கெனவே 1505இல் ஸ்ராஸ்பூர்க்கில் வெஸ்பூச்சியின் 'புதிய உலகம்' நூலைப் பதிப்பித்தவர். இளைஞரின் உள்ளத்தில் வெஸ்பூச்சி அப்போதே வீரனாக இடம்பெற்றிருந்தார்.

1507 ஏப்பிரல் 25 அன்று அவர்களது நூல் அச்சாகி வெளிவந்தது. உலக அமைப்பியலுக்கு ஓர் அறிமுகம் என்பது அதன் தலைப்பின் பொருள். அதன் ஒன்பதாம் அதிகாரத்தில் சில வரிகள் உள்ளன. ஐரோப்பா, ஆசியா, ஆபிரிக்கா ஆகியவை நன்கு ஆராயப்பட்டுவிட்டன, நான்காவது பாகம் ஒன்றை அமெரிகோ கண்டறிந்துள்ளார், ஐரோப்பாவும் ஆசியாவும் பெண்களின் பெயரைப் பெற்றிருக்கும்போது, இதற்கு ஆடவர் ஒருவரின் பெயரை இடுவதை எவரும் மறுக்க நியாயமில்லை என்பதே அவ்வரிகளின் கருத்து. அமெரிகோவின் நிலம் எனப் பொருள்படும் கிரேக்க வடிவம் ஒன்றையும், 'அமெரிக்கா' என்ற இலத்தீன் வடிவத்தையும் ஆசிரியர் அருகருகே தந்தார். சொல்லோடு விளையாடும் இந்த நடை கவிஞர் றிங்மனின் கைவண்ணம் என்பர் ஆய்வாளர் பலர்.

நூலோடு ஒரு பெரிய உலகப்படமும் வெளிவந்தது. பன்னிரண்டு தாள்களில் மரக்கட்டை அச்சாகப் பதிக்கப்பட்டு, ஒட்டிச் சேர்த்தால் நான்கு அடிக்கு மேல் உயரமும் ஏழரை அடி அகலமும் கொண்டது. மேலே ஒருபுறம் தொலமியின் உருவம், மறுபுறம் வெஸ்பூச்சியின் உருவம். இடது ஓரத்தில் ஒல்லியாக நீண்ட ஒரு புதிய நிலம். அதன் தென்பாகத்தில் 'அமெரிக்கா' என்ற சொல். அந்நிலத்துக்கு மேற்கேயும் கடல் இருப்பதாக வரைந்திருந்தார்கள். பனாமாவின் மலையுச்சியிலிருந்து பல்போவா அந்தக் கடலைக் கண்டது 1513இல்தான். ஆறு ஆண்டுகளுக்கு முன் இவர்கள் எதைக்கொண்டு அதை வரைந்தார்கள் என்பது இன்றும் விவாதப் பொருள். ஆயிரம் பிரதிகள் அச்சிட்டதாக வால்ட்சேமுல்லரே பின்னர் எழுதியுள்ளார்.

நிக்கராகுவாவில் உள்ள அமெரிக்கே மலையின் பெயரே கண்டத்துக்கு வந்தது என்று 1875இல் ஜூல் மார்க்கூ என்ற புவியியலாளர் வாதித்தார். பிரிஸ்டல் நகரத்து வணிகர் ஒருவரின் பெயர் என்று சொல்வாரும் உளர். பெயரை இட்டவர்களே காரணத்தையும் அச்சிலே எழுதிவைத்திருப்பதால், இவ்வாதங்களை அறிஞர் பெரும்பாலோர் ஏற்பதில்லை.

இட்டவரே கைவிட்டார்

கதையின் திருப்பம் இதன் பின்னரே வருகிறது. றெனே பிரபு 1508 டிசம்பரில் காலமானார். றிங்மன் 1511இல், முப்பது வயதை எட்டாமலே மறைந்தார். தொலமியின் நூல் ஒருவாறாக 1513இல் ஸ்ராஸ்பூர்க்கில் வெளிவந்தது. அதில் வால்ட்சேமுல்லர் வரைந்ததாகக் கொள்ளப்படும் படத்தில் 'அமெரிக்கா' என்ற சொல்லே இல்லை. அந்த இடத்தில் 'அறியப்படாத நிலம்' என்று போட்டு, இதனைக் கண்டறிந்தவர் ஜெனோவா நகரத்துக் கொலம்பஸ் எனக் குறிப்பும் எழுதப்பட்டது. 1516இல் அவர் வெளியிட்ட பெரிய கடற்படத்திலும் அச்சொல் இடம்பெறவில்லை. முன்னைய படத்திற் பிழைகள் மலிந்திருந்தன என்பதையும் அவர் அதில் ஒப்புக்கொண்டார்.

ஆனால் ஆயிரம் பிரதிகளைத் திரும்ப அழைக்க எவராலும் இயலாது. மாணவரும் ஆசிரியரும் பிற தேசப்பட வல்லுநரும் அவற்றைப் பார்த்துப் பிரதி செய்துகொண்டிருந்தனர். 1515இல் யேர்மனியின் ஷோனர் தமது உலக உருண்டையிலும், 1520இல் அப்பியான் தமது படத்திலும் அமெரிக்கா என்றே எழுதினர். 1538இல் பிளாந்தர் நாட்டுப் புகழ்பெற்ற மெர்க்கேட்டர், தெற்குக்கு மட்டும் உரியதாயிருந்த பெயரை வடக்குக்கும் நீட்டி, வட அமெரிக்கா, தென் அமெரிக்கா என்று பிரித்து எழுதினார். அத்துடன் வழக்கு முடிந்தது எனலாம்.

ஸ்பானியர் மட்டும் நெடுங்காலம் இணங்கவில்லை. கொலம்பசுக்கு அநீதி இழைக்கப்பட்டது என்று லாஸ் காசாஸ் பாதிரியார் தமது வரலாற்று நூலில் வருந்தி எழுதினார். ஸ்பானிய அரசு அந்நிலங்களை 'இந்தியாக்கள்' என்றே அழைத்தது. 1524இல் அமைந்த ஆட்சிக் கழகம் இந்தியாக்களின் கழகம். 1785இல் செவிலில் நிறுவப்பட்ட ஆவணக் காப்பகம் இன்றும் இந்தியாக்களின் காப்பகம் என்றே பெயர்கொண்டுள்ளது. கொலம்பசுக்குக் கிடைத்தவை கொலம்பியா என்ற ஒரு நாடும், சில நகரங்களும், கனடாவின் ஒரு மாகாணத்தின் பெயரிற் பாதியுமே.

பெயர் உலகெங்கும் பரவியபோது, பெயரிட்ட படமோ உலகிலிருந்து மறைந்தது. ஆயிரத்தில் ஒன்றுதானும் இல்லை என்றே எண்ணப்பட்டது. 1901இல் ஜோசப் பிஷர் என்ற யேசுசபைக் குருவானவர் தென்யேர்மனியின் வொல்பெக் கோட்டையில் பழைய கட்டொன்றைப் புரட்டியபோது பன்னிரண்டு தாள்களும் சேதமின்றிக் கிடந்தன. முன்னர் சொன்ன ஷோனர் அவற்றைச் சேர்த்துக் கட்டி வைத்திருந்தமையே அவை தப்பியதற்குக் காரணம். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2003இல் ஒரு கோடி டொலர் கொடுத்து அதனை வாங்கியது. 2007இல் யேர்மன் அதிபர் மேர்க்கல் முறைப்படி அதனைக் கையளித்தார்.

கேட்கப்படாதவர்கள்

இத்துணை பேர் வாதாடிய இக்கதையில், அந்நிலத்தில் வாழ்ந்தவர்களை எவரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் முழுக் கண்டத்துக்கும் ஒரே பெயரைச் சொல்லியிருக்கமாட்டார்கள். ஆசியர் என்ற சொல் எமக்கு இல்லாதிருந்தது போல அவர்களுக்கும் அப்படியொன்று தேவைப்படவில்லை. ஆனால் தாம் வாழ்ந்த நிலங்களுக்கு அவர்களிடம் பெயர்கள் நிறைய இருந்தன. மெக்சிக்கோவின் நாவா மக்கள் தம் நிலத்தை அனாவாக் என்றனர். இன்கா மக்கள் தம் பேரரசை நான்கு திசைப் பகுதிகளின் சேர்க்கை எனப் பொருள்பட தவாந்தின்சூயு என்றனர். பனாமாவின் குணா மக்களிடம் உள்ள அபியா யாலா என்ற பெயரை, 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து பல நாடுகளின் பூர்வகுடி அமைப்புகள் முழுக் கண்டத்துக்கும் உரியதாக ஏற்று வழங்கிவருகின்றன.

அவர்கள் மீது விழுந்த 'இந்தியர்' என்ற பெயர் எமது மொழியிலும் வந்து குடியேறியுள்ளது. செவ்விந்தியர் என்கிறோம். மேற்கிந்தியத் தீவுகள் என்கிறோம். கிரிக்கெட் ஆட்டம் பார்க்கும் எமது பிள்ளைகள் அந்தத் தீவுகளில் இந்தியா எங்கே இருக்கிறது என்று கேட்டால், கொலம்பசின் கணக்குப் பிழையிலிருந்துதான் விளக்கம் தொடங்கவேண்டும். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலுமி நினைத்த நினைவு இன்றைய தமிழ்ப் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்திலும் அச்சாகிறது.

கனடாவில் வாழும் வாசகர்களுக்கு ஒரு செய்தி. 1535இல் பிரெஞ்சுக்காரரான கார்ட்டியே சென் லோறன்ஸ் ஆற்றில் வந்தபோது, உடன்வந்த பூர்வகுடி இளைஞர் இருவர் தமது ஊர் இருக்கும் திசையைக் காட்டி, 'கனாட்டா' என்றனர். அவர்களின் மொழியில் அது ஊர், குடியிருப்பு என்று பொருள்படும். கார்ட்டியே அதை ஒரு தேசத்தின் பெயராக எழுதிக்கொண்டார். எம்மவர் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழும் அந்த நாட்டின் பெயருக்கு ஊர் என்பதே பொருள்.

பெயர்ப் போர் முடிந்துவிடவில்லை. அலாஸ்காவின் பெருமலையைக் கொயுக்கொன் மக்கள் உயர்ந்தது எனப் பொருள்பட டெனாலி என்பர். 1896இல் பொன் தேடி வந்த ஒருவர் அதற்கு மக்கின்லி என்று அரசியல்வாதி ஒருவரின் பெயரை இட்டார். 1975இல் அலாஸ்கா மாநிலம் டெனாலி என்ற பெயரை ஏற்றது. 2015இல் ஐக்கிய அமெரிக்க அரசும் ஏற்றது. 2025 ஜனவரியில் ஜனாதிபதி ட்ரம்ப் மீண்டும் மக்கின்லி என்றாக்கினார். அதே ஆணையில் மெக்சிக்கோ வளைகுடா, அமெரிக்க வளைகுடா ஆயிற்று. அந்த எண்ணம் வெளியானவுடனேயே மெக்சிக்கோவின் ஜனாதிபதி ஷெயின்பாம் 1607ஆம் ஆண்டுப் படமொன்றைக் காட்டி, வட அமெரிக்காவை மெக்சிக்க அமெரிக்கா என்று அழைக்கலாமே எனக் கேலி செய்தார். வாதாட அவருக்கும் ஒரு பழைய தேசப்படமே தேவைப்பட்டது.

முதற் பதிவு

பெயர் நிலைப்பதற்கு அது சரியாக இருக்கவேண்டியதில்லை. முதலிற் பதிவாக வேண்டும், பலர் கைக்குப் போகவேண்டும், அடுத்து எழுதுபவர் முன்னையதைப் பார்த்து எழுதவேண்டும். இம்மூன்றும் போதும். திருத்தம் பின்னால் நடந்து வருகிறது, பதிவு முன்னால் ஓடிவிடுகிறது. வால்ட்சேமுல்லரின் அனுபவம் இது.

இங்கு தஞ்சம் கோரி வந்த எமது மக்களும் இதனை அறிவார்கள். குடும்பப் பெயர் என்ற வழக்கம் எம்மிடம் இல்லை. தந்தையின் பெயரும் தன் பெயருமே உண்டு. முதல் விசாரணையில் அதிகாரி கட்டங்களை நிரப்பும்போது தந்தையின் பெயர் குடும்பப் பெயராகி விடுகிறது. அன்றுமுதல், ஊரைவிட்டு ஒருநாளும் புறப்படாத கந்தையாவின் பெயரைச் சொல்லித்தான் அவர் மகனை வைத்தியசாலையிலும் தொழிற்சாலையிலும் அழைக்கிறார்கள். கணவனுக்கு ஒரு பெயர், மனைவிக்கு இன்னொன்று, பிள்ளைகளுக்கு வேறொன்று என்றாகி, ஒரே வீட்டினரை ஒரே குடும்பம் என்று நிரூபிக்கவேண்டிய நிலையும் வந்திருக்கிறது. ஓர் எழுத்து மாறியமையால் பிறப்புச் சான்றிதழும் தஞ்சக் கோவையும் இரு வேறு மனிதரைக் காட்டுவதாகச் சந்தேகம் எழுந்ததும் உண்டு. இவற்றுக்குப் பின்னால் யாருடைய வஞ்சகமும் இருக்கவேண்டியதில்லை. அந்த மலையூர் அறிஞர்களும் வஞ்சகர் அல்லர். கையிலிருந்த தகவலைக் கொண்டு கட்டத்தை நிரப்பியவர்கள் அவர்கள்.

ஆகவே வாசகர்களுக்கு எமது வேண்டுகோள் எளிமையானது. படிவத்தில் உங்கள் பெயரை மற்றவர் எழுதும்போது, ஒப்பமிடுவதற்கு முன் எழுத்தெழுத்தாகப் பாருங்கள். மொழிபெயர்ப்பாளர் எழுதியதையும் பாருங்கள். பிழையிருந்தால் அன்றே சொல்லுங்கள். பிறக்கும் குழந்தைக்குப் பதிவு செய்யும் பெயரை முன்கூட்டியே தெளிவாக எழுதிக் கொண்டுசெல்லுங்கள். இன்று மேசையில் ஐந்து நிமிடத்தில் திருத்தக்கூடியதை நாளை ஐந்து அலுவலகங்களில் ஏறி இறங்கியும் திருத்துவது அரிது.

அலுவலகப் பதிவு ஒருபுறம் இருக்க, இன்னொரு பதிவு எமது கையிலேயே உள்ளது. யாழ்ப்பாணப்பட்டினம் என்ற பெயர் போர்த்துக்கேயரின் நாவிலும் ஆங்கிலேயரின் ஏட்டிலும் உருமாறி ஜஃப்னா ஆயிற்று. உலகத் தேசப்படங்கள் அனைத்திலும் இன்று அதுவே உள்ளது. ஆயினும் யாழ்ப்பாணம் என்ற சொல் அழியவில்லை. அங்கு வாழ்ந்தவர்கள் அதைச் சொல்லிக்கொண்டும் எழுதிக்கொண்டும் இருந்ததே காரணம். டெனாலி தப்பியதும் அவ்வாறே.

இங்கு பிறந்த பிள்ளைகளுக்குத் தாத்தாவின் ஊர்ப் பெயர் தெரியலாம். அந்த ஊரின் குறிச்சிகள், ஒழுங்கைகள், குளங்கள், கோயில் வீதிகள், வயல்வெளிகள் ஆகியவற்றின் பெயர்கள் எத்தனை பேருக்குத் தெரியும்? அவற்றிற் பல எந்தப் படத்திலும் இல்லை. முதியவர்களின் நினைவில் மாத்திரமே உள்ளன. குளிர்கால விடுமுறை நாளொன்றில் ஒரு தாளை விரித்து, வீட்டிலுள்ள மூத்தவரைக் கேட்டு, ஊரின் படத்தைப் பிள்ளைகள் கையாலேயே வரையச் செய்யுங்கள். ஒவ்வோர் இடத்துக்கும் உரிய பெயரைத் தமிழிலேயே எழுதச் செய்யுங்கள். ஒரு பிரதியை உறவினருக்கு அனுப்புங்கள். கோணலாக இருந்தாலும் பாதகமில்லை. 1507ஆம் ஆண்டுப் படமும் கோணலானதுதான்.